பள்ளி மேம்பாட்டுத் திட்டம்: மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் ஆசிரியப் பயிற்றுநராக இருந்த காலத்தில், பெற்றோரும் ஆசிரியரும் உள்ளாட்சிப் பிரதிநிதியும் அடங்கிய பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்குப் போய் வருவது என் வேலையில் ஒரு பகுதி. கூட்டத்துக்குள் யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். முடிந்து செருப்பு மாட்டும்போதுதான் "சார், ஒரு சந்தேகம்" என்று தொடங்குவார்கள். ஊர் மாறினாலும் சந்தேகம் மாறவில்லை. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது.

1. "பள்ளி மேம்பாட்டுத் திட்டம்னா, எங்க ஸ்கூலுக்கு என்னென்ன வேணும்னு எழுதிக் கொடுக்கிறதுதானே?"

அப்படித்தான் பெரும்பாலான பள்ளிகளில் எழுதுகிறார்கள்: சுற்றுச்சுவர், இரண்டு வகுப்பறை, மின்விசிறி, மேசை நாற்காலி, கீழே கையெழுத்து. இது கோரிக்கை மனு. மனுவைக் கொடுத்தவருக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

திட்டம் என்றால் அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். பிள்ளைகள் இன்று எந்த நிலையில் இருக்கிறார்கள், மூன்று வருடத்தில் எங்கே போக வேண்டும், அதற்கு எந்த வேலையை யார் எந்த மாதத்துக்குள் செய்வார்கள், என்ன செலவாகும். தேவைப் பட்டியல் இதில் மூன்றாவது, நான்காவது இடத்தில் வந்து உட்காரும். நான் ஒரு சின்னச் சோதனை வைப்பேன். பட்டியலில் எழுதியதெல்லாம் நாளைக் காலையிலேயே வந்து இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைக்கு என்ன மாறும்? பதில் வராத வரியை அடித்துவிடலாம்.

2. "இது கட்டாயமா? பிரைவேட் ஸ்கூலுக்கும் உண்டா?"

கட்டாயம்தான். 2009ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது, 22ஆம் பிரிவு அந்தக் குழு தயாரிக்க வேண்டிய மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. அரசும் உள்ளாட்சியும் பள்ளிக்குப் போடும் திட்டங்களுக்கும் கொடுக்கும் மானியத்துக்கும் இதுவே அடிப்படையாக இருக்கும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரிகளிடம் பேசும்போது இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருங்கள்.

உதவி பெறாத தனியார் பள்ளிக்கு 21ஆம் பிரிவு பொருந்தாது. அரசு உதவி பெறும் பள்ளியில் குழு உண்டு. ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான், திட்டம் தயாரிக்கும் கடமை இல்லை. சட்டம் பேசுவது எட்டாம் வகுப்பு வரைதான் என்றாலும், நம் மாநிலத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளிலும் குழு இருக்கிறது.

3. "எத்தனை வருஷத்துக்கு எழுதணும், எப்போ கொடுக்கணும்?"

மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி மூன்று ஆண்டுத் திட்டம், அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டம். குழு முதன்முதலில் அமைந்த நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே தயாராகிவிட வேண்டும். அதாவது டிசம்பர். தமிழ்நாட்டுக்கென்று 2011ஆம் ஆண்டின் விதிகள் தனியாக உண்டு. உங்கள் வட்டாரத்தில் என்ன படிவம், எந்தச் செயலியில் ஏற்ற வேண்டும் என்பதை வட்டார வள மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கு வருடம் பிறப்பது ஜூனில், பணத்துக்கு ஏப்ரலில். இதை மறந்துவிட்டு ஜூன் மாதக் கூட்டத்தில் உட்கார்ந்து "இந்த வருஷம் என்ன செய்யலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் அந்த வருடத்துக்கான நிதி ஒதுக்கீட்டு வேலை முடிந்திருக்கும். ஆகஸ்டில் தகவல் சேர்க்கத் தொடங்கி, அக்டோபரில் விவாதித்து, நவம்பரில் எழுதி முடிப்பது தோதாக இருக்கும்.

4. "எச்.எம். எல்லாம் எழுதி வெச்சுட்டாங்க. கையெழுத்து மட்டும் போடச் சொல்றாங்க. போடலாமா?"

வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள். தலைமையாசிரியரைக் குறை சொல்லவில்லை. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் பதிவு, சத்துணவுக் கணக்கு, இலவசப் பொருள் விநியோகம் என்று அவர் தலையில் ஏற்கெனவே மலை இருக்கிறது. "நாளைக்குள் அனுப்பு" என்று அவசரத் தகவல் வந்தால் போன வருடத் தாளில் தேதியை மாற்றுவதுதான் நடக்கும். ஆனால் சட்டம் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று எழுதியது கையெழுத்தின் எண்ணிக்கைக்காக இல்லையே.

"டீச்சர், இதில் முதல் மூன்று வேலை எது? ஏன் அது முதலில்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அங்கேயே பேச்சு தொடங்கினால், அந்தக் கூட்டம் உருப்படியானது.

5. "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் உக்காந்து என்னத்தச் சொல்லப் போறேன்?"

உங்களுக்குத் தெரிந்தது ஆசிரியருக்குத் தெரியாது. பிள்ளை காலையில் எத்தனை மணிக்கு எழுகிறது, பள்ளிக்குப் போக மாட்டேன் என்று என்றைக்கு அழுகிறது, எந்தத் தெருப் பிள்ளை வேலைக்குப் போய்விட்டது, வீட்டுப்பாடத்தில் யார் உதவுகிறார்கள். இதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. திட்டத்தில் "இன்றைய நிலை" என்ற பகுதியின் பாதி உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

6. "சரி, எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?"

வருகைப் பதிவேட்டிலிருந்து. கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பது இரண்டாவது. ஒரு மாதப் பதிவேட்டை விரித்து வைத்து, எந்த வகுப்பில், எந்தக் கிழமையில், யார் வரவில்லை என்று பென்சிலால் வட்டம் போட்டுப் பாருங்கள். சதவீதம் பார்க்காதீர்கள். சராசரி 92 என்றால் எல்லோரும் மகிழ்ந்துவிடுவார்கள். வராதது திரும்பத் திரும்ப அதே நான்கு பிள்ளைகள் என்பது அந்த எண்ணில் தெரியாது.

ஒரு நடுநிலைப் பள்ளியில் இப்படி வட்டம் போட்டபோது ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் பெயரில் மட்டும் மாதாமாதம் இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு இருந்தது. குழுவில் இருந்த ஒரு அம்மா பதிவேட்டைப் பார்த்ததும் எழுந்து போய்க் கழிப்பறைக் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். உள்தாழ்ப்பாள் இல்லை. ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொன்று வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயிலும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. அந்தப் பள்ளித் திட்டத்தில் "புதிய கழிப்பறைக் கட்டடம்" என்று மூன்று வருடமாக எழுதியிருந்தார்கள். அன்று அவசரமாகத் தேவைப்பட்டது தாழ்ப்பாள், வாளி, மூடியுள்ள குப்பைத் தொட்டி, ஒரு பிளம்பர். வாரத்துக்குள் முடிந்தது. புதிய கட்டடக் கோரிக்கை அதன் பாட்டுக்குத் திட்டத்தில் இருந்தது, இருக்கவும் வேண்டும்.

பதிவேட்டுக்குப் பிறகு கட்டடம். சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவை வரிசையாக உண்டு: ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை வீதம், தலைமையாசிரியர் அறை, மாற்றுத் திறனாளிப் பிள்ளை தடையின்றி வர வழி, ஆண் பெண் தனிக் கழிப்பறை, எல்லாப் பிள்ளைக்கும் பாதுகாப்பான குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தால் அரை மணி நேர வேலை. இடைவேளை நேரத்தில் சுற்றுங்கள். தண்ணீர்க் குழாய் முன்னால் நிற்கும் வரிசை, பாட வேளையில் தெரியாது.

7. "பிள்ளைங்க படிக்குதுங்களா இல்லையான்னு நாங்க எப்படிப் பாக்கறது? அது டீச்சர் வேலை ஆச்சே?"

கற்பிப்பது ஆசிரியர் வேலை. கற்றார்களா என்று தெரிந்துகொள்வது எல்லோர் உரிமையும்தான். அதற்குப் பரீட்சைத் தாள் வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் நடத்திவரும் அசர் கணக்கெடுப்பில் ஒரு எளிய முறை இருக்கிறது. ஒரு தாளில் எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறது என்பதே அதன் நிலை. கணக்கிலும் இப்படித்தான்: எண்ணை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், வேவு பார்ப்பதுபோல் வேண்டாம். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு, 2022இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். அந்தப் பகுப்பையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பாடப் புத்தகத்தை மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் ஒரு பாடத்தை முழுக்க, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். கண் புத்தகத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்ன தம்பி?" என்றேன். உதடு அசைந்தது. முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். அவனுக்குக் காதும் நினைவும் கூர்மை, எழுத்து மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. மதிப்பெண் பட்டியலில் அவன் தேர்ச்சி.

8. "எங்களுக்கு இருபது தேவை இருக்கு. எல்லாத்தையும் எழுதிடலாமா?"

எழுதலாம், மூன்று கூறாகப் பிரித்து. ஒன்று, நாமே இந்தப் பருவத்துக்குள் செய்யக்கூடியது. இரண்டு, ஊராட்சியோ ஒன்றியமோ நகராட்சியோ செய்ய வேண்டியது. மூன்று, துறையின் மேல்மட்டம் முடிவெடுக்க வேண்டியது. முதல் கூறில் ஒன்றுமே இல்லாத திட்டம் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். தாழ்ப்பாள்கூட மேலிடம் போட வேண்டும் என்றா?

எது முதலில் என்று முடிவு செய்யக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லாதீர்கள். சத்தமாகப் பேசுபவரின் சுற்றுச்சுவர் ஜெயித்துவிடும். தேவைகளைத் தனித்தனித் தாளில் எழுதி, எழுத்துத் தெரியாதவருக்காகப் பக்கத்தில் படம் வரைந்து, தரையில் பரப்புங்கள். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எங்கே வைக்கத் தோன்றுகிறதோ அங்கே வைக்கட்டும், ஒரே தாளில் ஐந்தையும் வைத்தாலும் சரி. பேசாத பெண்கள் கொட்டையை எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தண்ணீர், கழிப்பறை, வாசிப்பு என்று போகும். நான் பார்த்தவரை நுழைவாயில் வளைவும் பெயிண்டும் கடைசியில்தான்.

9. "குறிக்கோள்னு ஒரு கட்டம் இருக்கு. 'கல்வித் தரத்தை உயர்த்துதல்'னு எழுதினா போதாதா?"

போதாது. அது நடந்ததா இல்லையா என்று எந்தத் தேதியிலும் சொல்ல முடியாது. உதாரணத்துக்கு இப்படி எழுதுங்கள்: "ஐந்தாம் வகுப்பில் 19 பேரில் கதையைத் தடங்கலின்றி வாசிப்பவர் இப்போது 6 பேர். மார்ச் மாதத்துக்குள் 13 பேர் வாசிப்பார்கள். தினமும் முதல் பாடவேளையில் 30 நிமிடம் நிலைவாரியாக வாசிப்பு. பொறுப்பு வகுப்பாசிரியர். மாதம் ஒருமுறை சோதித்துப் பதிவு செய்வது குழுவின் இரண்டு உறுப்பினர்." படிவத்தில் இடம் போதாவிட்டால் தனித் தாளில் இணையுங்கள்.

கற்றலில் இரண்டு அல்லது மூன்று குறிக்கோளுக்கு மேல் வேண்டாம். நான்கு ஆசிரியர் உள்ள பள்ளி பதினோரு குறிக்கோள் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பிப்ரவரியில் போய்க் கேட்டபோது அதில் நான்கைத் தலைமையாசிரியருக்கே நினைவில்லை.

10. "வாத்தியார் பத்தலை. எத்தனை பேர் கேக்கலாம்?"

இதில் பேரம் தேவையில்லை, சட்டத்தின் அட்டவணையில் கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150ஐத் தாண்டினால் ஐவரோடு தலைமையாசிரியர் தனி. ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். அறிவியலும் கணிதமும், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்கு ஆள் இருக்க வேண்டும். 35 பிள்ளைக்கு ஒருவர் வீதம் குறையக் கூடாது. 100 பிள்ளைக்கு மேல் போனால் முழுநேரத் தலைமையாசிரியரும், ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்களும்.

அனுமதிக்கப்பட்ட பணியிடம், அதில் காலி என்ற இரண்டையும் பிரித்து எழுதுங்கள். அனுமதித்த இடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்பது 26ஆம் பிரிவு. மூன்று ஆசிரியர் பணியிடத்தில் ஒன்று காலி என்றாலே அந்த வரம்பு தாண்டிவிட்டது.

அடுத்த மூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்ற மதிப்பீடும் திட்டத்தில் வகுப்புவாரியாக இருக்க வேண்டும். ஊகம் எதற்கு? அங்கன்வாடிப் பதிவேட்டில் இப்போது இரண்டு, மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணினால் அதுதான் வரப்போகும் முதல் வகுப்புகள்.

11. "பணத்துக்கு எங்க போறது?"

முதலில் வந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி நிர்ணயிக்கப்பட்டது: 31 முதல் 100 வரை 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து விழுக்காடு தூய்மைப் பணிக்கு. எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கண்காணிப்பது குழுவின் வேலை, 21ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கட்டட வேலைக்கு வேறு வாசல். ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியிலிருந்தும் வகுப்பறை வாங்கிய பள்ளிகள் உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் கோரிக்கையை நவம்பர் 1 கூட்டத்தில் தீர்மானமாக்கிவிட்டால், டிசம்பரில் கொடுக்கும் திட்டத்தோடு அந்த நகலையும் இணைக்கலாம். மூன்றாவது கேள்வியில் நவம்பர் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் உதவ 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியும் இருக்கிறது.

12. "ஆளுக்கு நூறு ரூபா வசூல் பண்ணி வேலையை முடிச்சுட்டா என்ன?"

பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வி பிள்ளையின் உரிமை. தொகை சிறியது என்பது கொடுக்க முடிந்தவருக்குத்தான் தெரியும், கொடுக்க முடியாதவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார். விரும்பித் தருவதை வாங்கலாம், ரசீதோடு. குழுவுக்கு வரும் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், ஆண்டுதோறும் தணிக்கைக்கு வைக்கப்பட வேண்டும் என்கின்றன மாதிரி விதிகள். ஊர்ப் பெரியவர் சட்டைப் பையில் வைத்துச் செலவு செய்யும் பழக்கம் நல்ல மனதோடு தொடங்கிச் சண்டையில்தான் முடிந்திருக்கிறது.

13. "போன வாட்டியே திட்டம் கொடுத்தோம். ஒண்ணும் நடக்கலையே?"

முதலில் ஒரு கேள்வி: ஒப்புகை வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் அந்தத் திட்டம் எங்கேயும் இல்லை. கொடுத்த தேதி, வாங்கியவர் பதவி, முத்திரை மூன்றும் உங்கள் நகலில் இருக்க வேண்டும். அது இருந்தால், மேல் நடவடிக்கை என்ன என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். குடிநீர், கழிப்பறை, ஆசிரியர் இல்லாமை போன்ற பிள்ளைகளின் உரிமை சார்ந்த குறைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம்.

இதெல்லாம் எட்டாவது கேள்வியில் சொன்ன இரண்டாம், மூன்றாம் கூறுகளுக்கு. முதல் கூறும் நடக்கவில்லை என்றால் மனுவால் பயனில்லை. "பொறுப்பு: பள்ளி மேலாண்மைக் குழு" என்று எழுதியிருப்பீர்கள். அத்தனை பேருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் இல்லை. ஆள் பெயரை எழுதுங்கள்.

14. "எச்.எம். டிரான்ஸ்பர் ஆயிட்டாங்க. புதுசா வந்தவங்க பழைய திட்டத்தைப் பாக்கவே மாட்டேங்கறாங்க."

அவர் பக்கமும் யோசியுங்கள். வந்த வாரத்தில் "இது எங்கள் திட்டம், நடத்துங்கள்" என்றால் யாருக்கும் பிடிக்காது. முதல் கூட்டத்தில் தாளை நீட்டாமல், ஏழாவது கேள்வியில் சொன்ன வாசிப்புச் சோதனையை அவரோடு சேர்ந்து ஒருமுறை நடத்துங்கள். பிள்ளைகளின் நிலையை அவரே பார்த்தால் குறிக்கோள் அவருடையதாகவும் ஆகிவிடும். வழியை அவர் மாற்றினால் மாற்றட்டும், எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

15. "எங்க ஸ்கூல்ல மொத்தமே 18 பிள்ளைங்க. மூடப் போறாங்கன்னு பேச்சு. திட்டம் எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு இனிப்பான பதில் என்னிடம் இல்லை. ஊரில் பிறப்பே குறைந்திருந்தால் எந்தத் திட்டமும் பிள்ளைகளைப் பிறப்பித்துவிடாது. ஆகவே முதலில் எண்ணுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் ஊரில் எத்தனை, அதில் இங்கே எத்தனை, வேனில் ஏறி வெளியே போவது எத்தனை. 18 பேரும் இங்கே, வெளியே போவது இரண்டு பேர் என்றால் உங்கள் பள்ளி சரியாகத்தான் நடக்கிறது. அப்போது திட்டத்தில் அழுத்த வேண்டியது தூரம். ஒன்று முதல் ஐந்து வரை ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது மாதிரி விதி. அடுத்த பள்ளி எவ்வளவு தொலைவு, நடுவில் நெடுஞ்சாலையோ ஓடையோ உண்டா என்று வரைபடம் போட்டு இணையுங்கள்.

வெளியே 40 பேர் போகிறார்கள் என்றால் கதை வேறு. அந்த வீடுகளுக்குப் போய் "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புங்கள், வாதாடாதீர்கள். ஆங்கிலம் என்பார்கள் என்று நினைத்துத்தான் போவீர்கள். ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பை வைத்திருக்கிறார், அவர் மீட்டிங் போனால் பள்ளியே லீவு மாதிரி என்ற பதிலும் வரும். அதைச் சரி செய்வது உங்கள் குறிக்கோளில் முதல் வரி.

16. "ஒரு டீச்சர் ஒழுங்கா வர்றதில்ல. திட்டத்துல எழுதிடலாமா?"

பெயரைத் திட்டத்தில் எழுதாதீர்கள். திட்டம் மூன்று வருட ஆவணம், ஒருவர் மேல் புகாருக்கான இடம் அதுவல்ல. ஆனால் ஆசிரியர் வருகையும் நேரந்தவறாமையும் குழு கண்காணிக்க வேண்டியவற்றில் ஒன்றாக மாதிரி விதிகளில் இருக்கிறது. 24ஆம் பிரிவிலும் அது ஆசிரியரின் கடமை. தலைமையாசிரியரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். வராத நாள்களில் பாதி பயிற்சி, கூட்டம் என்று அனுப்பப்பட்டவையாக இருப்பது உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்த்த கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி அனுப்பியிருந்தால் உங்கள் புகார் போக வேண்டிய முகவரி வேறு.

திட்டத்தில் எழுதக்கூடியது ஒன்று உண்டு: கற்பித்தல் நாள்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியர் உள்ளே நின்று பாடம் நடத்திய நாள்கள் எத்தனை என்று மாதாமாதம் குறிக்கலாம். எல்லா வகுப்புக்கும் ஒரே அளவுகோல் என்பதால் யார் முகமும் சுருங்காது.

17. "கூட்டத்துக்கு எப்பவும் அதே ஏழு பேர்தான். அந்தப் பக்கத்துத் தெரு ஆளுங்க வர்றதே இல்ல."

"வர மாட்டேங்கறாங்க" என்று சொல்லும் முன், கூட்டம் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வைத்தால் கூலி வேலைக்குப் போகிறவர் அரை நாள் சம்பளத்தை விட்டுத்தான் வர வேண்டும். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பிரதிநிதித்துவம் என்பது 21ஆம் பிரிவு. தாளில் பெயர் இருக்கும், நாற்காலி காலியாக இருக்கும்.

சில ஊர்களில் நேரம் காரணமே இல்லை. வந்தால் எங்கே உட்கார்வது என்பதுதான் பிரச்சினை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே நான் செய்தது இதுதான்: எல்லோரையும் தரையில் வட்டமாக உட்கார வைப்பது, ஒரு கூட்டத்தை அந்தத் தெருவிலேயே மாலை ஏழு மணிக்கு மேல் வைப்பது. ஒரு தடவை அங்கே வைத்த கூட்டத்தில்தான், மதியச் சாப்பாட்டு வரிசையில் தன் மகள் எப்போதும் கடைசியில் நிறுத்தப்படுவதை ஒரு தாய் சொன்னார். எட்டு மாதம் பள்ளிக் கட்டடத்துக்குள் நடந்த எந்தக் கூட்டத்திலும் அது வரவில்லை. அடுத்த நாளே வரிசை பெயர் அகரவரிசைக்கு மாறியது, மாதம் ஒருமுறை தலைகீழாக.

18. "13 பேர் வாசிப்பாங்கன்னு எழுதிட்டோம். 9 பேர்தான் வாசிக்கிறாங்க. என்ன போடறது?"

9 என்று போடுங்கள். மேலே என்ன சொல்வார்களோ என்ற பயம் புரிகிறது. 13 என்று போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அடுத்த வருடத் திட்டத்தில் அந்த நான்கு பிள்ளைகளுக்கு ஒரு வேலையும் இருக்காது. ஆவணத்தின்படி அவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள். ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போய்ப் புதிய பள்ளியில் உட்கார்வார்கள், அங்கே யாரும் எழுத்திலிருந்து தொடங்கப் போவதில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்: "அக்டோபர், நவம்பரில் வகுப்பாசிரியர் பயிற்சிக்குச் சென்றதால் 17 நாள் வாசிப்பு வேளை நடக்கவில்லை." இல்லாவிட்டால், "இருவருக்குக் கண் பரிசோதனை தேவை, கரும்பலகை தெரியவில்லை." பிறகு வாசிக்காத பிள்ளைகளின் பெயரைத் தனித்தாளில், குழுவுக்குள் மட்டும், எழுதி வையுங்கள். சுவரில் ஒட்ட வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எந்த எழுத்து வரிசையில் நிற்கிறது, யார் உட்கார்ந்து சொல்லித் தருவது, மறுபடி பார்க்கும் தேதி எது என்று மூன்று கட்டம். அடுத்த மாதக் கூட்டம் அந்தத் தாளிலிருந்து தொடங்கட்டும்.